அடிபடாமல் வந்த கண்டல்: வைத்தியர் எப்படி இனங்காண்கிறார்?

புதுக்கடை_சட்டத்தரணி எழுதியது:

வணக்கம். தாக்குதல் வழக்குகளின் மருத்துவ சட்ட அறிக்கைகளில் இடைக்கிடை இப்படி ஒரு குறிப்பு வரும்: "இடது தொடையின் முன்பக்கத்தில் விளிம்பு தெளிவான கபில நிறப் படை. மேலே சிறு கொப்புளங்கள், அரிப்பு உண்டு. மொட்டை ஆயுதத்தால் ஏற்பட்ட காயத்தோடு பொருந்தவில்லை. எரிச்சலூட்டும் தாவரச் சாற்றோடு பொருந்துகிறது." பாடப்புத்தகத்தில் இதற்குப் போலிக் கண்டல் என்று பெயர்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. எந்தெந்தப் பொருள் இப்படிச் செய்யும்? உயிரோடு இருக்கிற ஆளின் உடம்பை வெட்டிப் பார்க்க முடியாதே, அப்படியிருக்க வைத்தியர் இதை எந்த அடையாளங்களால் பிரிக்கிறார்? இப்படி ஓர் அறிக்கை வந்தவுடன் முறைப்பாட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா? கடைசிக் கேள்விக்குத்தான் நீதிமன்றத்தில் எல்லாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

சட்டமருத்துவம்_கொழும்பு எழுதியது:

முதலில் உண்மையான கண்டல் என்ன என்று பார்த்தால் மற்றது தானாக விளங்கும். அடி விழுந்த இடத்தில் தோலுக்குக் கீழே நுண்ணிய இரத்தக்குழாய்கள் கிழிந்து, இரத்தம் வெளியேறி இழையங்களுக்கிடையில் தேங்குகிறது. தோல் மேற்பரப்பு பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். தாவரச் சாறு செய்வது வேறு வேலை. அது தோலின் மேற்படையை எரிக்கிறது, அழற்சி உண்டாகிறது, இரத்தக்குழாய்கள் விரிகின்றன, அவற்றிலிருந்து நீர் கசிந்து கொப்புளமாகிறது. ஆக, ஒன்றில் வெளியே வந்த இரத்தம், மற்றதில் வெளியே வந்த நீர். கீழே சொல்லும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

படுக்கையருகில் செய்யக்கூடிய எளிய சோதனை, கண்ணாடித் தகட்டால் அழுத்திப் பார்ப்பது. நுணுக்குக்காட்டியில் வைக்கும் தகடு போதும். சிவந்துள்ள இடத்தில் தகட்டை வைத்து உறுதியாக அழுத்தினால், விரிந்த குழாய்களுக்குள் உள்ள இரத்தம் விலகித் தோல் வெளிறும். அது அழற்சி. குழாயை விட்டு வெளியே வந்த இரத்தத்துக்கு விலகிப் போக இடமில்லை, ஆகவே நிறம் மாறாது. அது கண்டல். கடுமையான அழற்சியிலும் சிறு இரத்தக் கசிவு இருக்கலாம் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெழுதக் கூடாது.

அடுத்தது விளிம்பு. தேங்கிய இரத்தம் இழையங்களுக்குள் ஊறிப் பரவும், அதனால் கண்டலின் ஓரம் கலங்கலாக இருக்கும். சாறு பட்ட இடம் மட்டும் எரிவதால் போலிக் கண்டலின் ஓரம் கோடு கீறியது போலத் தெளிவாக நிற்கும். ஆனால் வடிவம் ஒழுங்கற்றது. சாறு வழிந்த பக்கமாக ஒரு வால் இறங்கியிருந்தால் அது மிக முக்கியமான அடையாளம். எந்தத் தடியும் கீழ்நோக்கி வழியாது. அந்த வால் எந்தத் திசையில் போகிறது, சாறு பட்டபோது ஆள் நின்றாரா படுத்திருந்தாரா என்பதைக்கூட சில நேரம் அது காட்டிவிடும்.

மாறாக, தடியால் ஓங்கி அடித்தால் தோலில் ஒரு கோடு விழாது, இரண்டு இணைகோடுகள் விழும், நடுவில் தோல் வெளிறி இருக்கும். தடி அழுத்துகிற இடத்தில் இரத்தம் இரு பக்கமும் தள்ளப்பட்டு, ஓரங்களில்தான் குழாய்கள் இழுபட்டுக் கிழிகின்றன. விரல்களால் இறுக்கிப் பிடித்தால் 1 முதல் 2 சென்ரிமீற்றர் அளவில் வட்டமான அல்லது நீள்வட்டமான தடயங்கள் கையின் ஒரு பக்கத்திலும், பெருவிரல் தடயம் எதிர்ப்பக்கத்திலும் வரும். சாறு பூசி இந்த அமைப்பைக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டலில் சிவப்பு, நீலம், ஊதா, பிறகு பச்சை, மஞ்சள், கபிலம் என்று மாறும். வெளியேறிய ஈமோகுளோபின் உடைந்து பச்சைப் பிலிவேர்டின், மஞ்சள் பிலிருபின், கபில ஈமோசிடெரின் ஆவதுதான் காரணம். எத்தனையாம் நாள் எந்த நிறம் என்று பழைய புத்தகங்களில் உள்ள அட்டவணையை நம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, மஞ்சள் தெளிவாகத் தெரிந்தால் காயத்துக்கு 18 மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது. மஞ்சள் இல்லாவிட்டால் காயம் புதியது என்று திருப்பிச் சொல்ல முடியாது. போலிக் கண்டல் இந்த வரிசையில் போகாது. தொடக்கத்திலிருந்தே கருங்கபிலமாக இருந்து, கொப்புளம் வற்றிப் பொருக்குக் கட்டி உரிந்து, பின் வாரக்கணக்கில் கறை நிற்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குப் பின் ஆளை மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. முதல் நாள் குழப்பமாக இருந்தது மூன்றாம் நாள் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எங்கள் ஆட்களின் கறுத்த தோலில் கண்டலின் நிறம் கண்ணுக்குச் சரியாகப் படாது. அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடிபட்ட இடம் ஆழமாக வீங்கி, அழுத்தினால் நோகும். சாறு பட்ட இடம் மேலாக எரியும், அரிக்கும், கீழே உள்ள தசை மென்மையாகவே இருக்கும்.

கடைசியாக, விரல்நுனிகளையும் நகக்கண்களையும் பார்க்காமல் ஆளை அனுப்பக் கூடாது. அரிப்பதால் சொறிந்திருப்பார், அங்கேயும் கொப்புளமோ கறையோ இருக்கும். "கைக்கு எட்டும் இடத்தில்தான் போலிக் கண்டல் வரும்" என்பதும் புத்தகத்தில் உண்டு. தொடை, முன்கை, வயிறு என்று பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இன்னொருவர் பூசிவிட்டால் முதுகு நடுவிலும் வரும். அதை ஆதரவான அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச்சரக்கு எழுதியது:

லோயர் ஐயா முதலாவதாகக் கேட்டதுக்கு நான் சொல்லுறன். இதிலே முதல் பேர் சேங்கொட்டை. சேராங்கொட்டை எண்டும் சொல்லுவினம், சிங்களத்தில் சென்கொட்டன். புறக்கோட்டை காபோஸ் லேன் பக்கம் நாட்டுமருந்துச் சரக்குக் கேட்டால் எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். ஒரு அங்குலம் வரும், இருதய வடிவம், பழுத்துக் காய்ஞ்சால் கறுத்து மினுங்கும். மரத்தில் இருக்கேக்கை கீழே செம்மஞ்சள் சதைக் குமிழ் ஒண்டில் குந்தியிருக்கும், மரமுந்திரிகைப் பழத்தில் கொட்டை இருக்குமே, அதே மாதிரி. இரண்டும் ஒரே குடும்பம்தான், மாமரமும் அதேதான்.

கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விசயம் விளங்கும். நடுவிலே வெள்ளைப் பருப்பு. அதைச் சுத்தியுள்ள தோடு ஒரே கட்டியாக இராது, தேன்வதை மாதிரிக் குழி குழியாக இருக்கும். அந்தக் குழிகளுக்குள்ளேதான் பாணி மாதிரி எண்ணெய். வெட்டினவுடன் கபிலமாக இருக்கிற எண்ணெய், காத்துப் பட்டால் கறுக்கும். சுண்ணாம்பு சேர்ந்தால் துணியிலே அழியாத கறை. முந்தி சலவைக்காரர் உடுப்புக்குக் குறி போட்டது இதால்தான். தோலை எரிக்கிறதும் அதே எண்ணெய்தான், அதிலுள்ள பிலவனோல் எண்ட சத்து. பருப்பைத் தொட்டால் ஒண்டும் இல்லை, தோட்டு எண்ணெய் பட்டால்தான் வினை. சித்தவைத்தியத்தில் சுத்தி செய்யாமல் சேங்கொட்டையைக் கையாளக் கூடாது எண்டு கண்டிப்பாகச் சொல்லுறதுக்கும் இதுதான் காரணம். சிங்கராஜப் பக்கத்து ஈரக் காடுகளில் வாற பதுல்ல மரங்களும் இதே சாதி. அந்தப் பாலும் கறுத்துத் தோலைப் புண்ணாக்கும்.

அடுத்தது கொடிவேலி, சித்திரமூலம் எண்டுறது. செம்பூ, வெண்பூ இரண்டும் உண்டு. செங்கொடிவேலி வேர்தான் கடுமை. வேலை செய்யிறது வேர்ப்பட்டையிலுள்ள பிளம்பாஜின். பச்சை வேருக்குத்தான் காரம் கூட, காய்ஞ்சு கிடந்த வேரில் குறையும். வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைக்கிற நீலப்பூக் கொடிவேலியும் இதே இனம், அதைக் கிளறினால் கையுறை போட்டுக்கொள்ளுங்கோ.

மூண்டாவது எருக்கலைப் பால். மேலே பட்டால் சிவந்து கொப்புளிக்கும். ஆனால் உண்மையான பயம் தோலில் இல்லை. கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். கொஞ்ச நேரத்தில் நோவு பெரிசாகத் தெரியாததால் ஆக்கள் வைத்தியரிட்டைப் போகாமல் இருந்திடுவினம். கொம்புக்கள்ளிப் பாலும் கண்ணுக்கு ஆபத்துத்தான். பட்டவுடன் நிறையத் தண்ணியால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

தோல்_வைத்தியர் எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஒரு திருத்தமும், ஒரு எச்சரிக்கையும் என் பக்கத்தால்.

திருத்தம் நேரத்தைப் பற்றியது. சேங்கொட்டை எண்ணெய் இரண்டு வழியில் வேலை செய்கிறது. செறிவாகப் பட்டால் நேரடியாக எரிக்கும். கொஞ்சமாகப் பட்டால் ஒவ்வாமையால் அழற்சி வரும், அதற்கு நேரம் வேண்டும். ஏற்கெனவே உடம்பு பழகி உணர்திறன் பெற்றவருக்கு 12 முதல் 72 மணித்தியாலத்துக்குள் வரும். முதன்முதலில் படுகிறவருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மாம்பால், கஜுத் தோட்டு எண்ணெய் இரண்டிலும் இதையொத்த சத்து இருப்பதால், அவற்றால் முன்பே ஒவ்வாமை வந்தவருக்குச் சேங்கொட்டை முதல் தடவையிலேயே கடுமையாகப் பிடிக்கும். ஆகவே சம்பவம் நடந்து 1 மணித்தியாலத்தில் முற்றிய கொப்புளங்களோடு ஒருவர் வந்தால், அந்தச் சாறு சம்பவத்துக்கு முன்பே பட்டிருக்க வேண்டும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் முதல் பரிசோதனையில் தோல் சுத்தமாக இருந்து மறுநாள் நிறம் தெரிந்தால், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆழமான உண்மைக் கண்டலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மேலே வரும், சில நேரம் இடமும் மாறி வரும். நெற்றியில் பட்ட அடி மறுநாள் கண்ணிமையைக் கறுப்பாக்குவது அப்படித்தான்.

எச்சரிக்கை இதைவிடப் பெரியது. கொப்புளமும் அரிப்பும் இருந்தால் சாறு பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஏமாற்றப் பூசினார் என்று அர்த்தமில்லை. எங்கள் ஊரில் அடிபட்டால் ஆட்கள் முதலில் செய்வது என்ன? எண்ணெய் தேய்ப்பது, பத்துப் போடுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது, உள்ளியை நசித்து வைத்துக் கட்டுவது. பச்சை உள்ளியைத் தோலில் சில மணித்தியாலம் கட்டி வைத்தால் நெருப்புச் சுட்டது போலக் கொப்புளிக்கும். காரமான மூலிகை சேர்ந்த பத்தும் அப்படியே. அப்போது ஒரே இடத்தில் அடிபட்ட கண்டலும் கீழே இருக்கும், சாற்றால் வந்த கொப்புளமும் மேலே இருக்கும். மேலே உள்ளதை மட்டும் பார்த்து "போலி" என்று எழுதினால், உண்மையில் அடி வாங்கிய ஒரு பெண் பொய்க்காரி ஆகிவிடுவார். ஆகவே "இந்த இடத்தில் என்ன பூசினீர்கள், எப்போது, யார் போட்டது?" என்று முதலில் கேட்க வேண்டும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பயத்தில் "ஒன்றும் இல்லை" என்பார்கள். மருந்து கேட்கிற மாதிரிக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

யாரும் எதையும் பூசாமலே கண்டல் போலத் தெரிவதும் நிறைய. தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றால், சாற்றிலுள்ள பொருளும் சூரியனின் புறஊதாக் கதிரும் சேர்ந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து பின் கருங்கபிலக் கோடுகள் விழும். தாயின் கையில் தேசிச்சாறு இருந்து பிள்ளையைத் தூக்கினால், பிள்ளையின் முதுகில் விரல் அடையாளம் அப்படியே பதியும். அதைப் பார்க்கும் ஒருவர் பிள்ளையை அடித்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். குழந்தைகளின் இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே உள்ள நீலச் சாம்பல் படையும் அப்படித்தான், அது நோகாது, நாளுக்கு நாள் நிறம் மாறாது. ஹிஜாமா (தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சும் சிகிச்சை) செய்தவரின் முதுகில் வரும் வட்டங்கள் உண்மையான இரத்தக் கசிவுதான், ஆனால் தாக்குதல் இல்லை. ஒரே அளவான வட்டங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவுடன் விளங்கும். டெங்கு, குருதிச் சிறுதட்டுக் குறைவு, குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, இவற்றால் லேசாகத் தட்டினாலே கண்டிப் போகும். சந்தேகமென்றால் இரத்தச் சோதனை ஒன்று போட்டுவிட வேண்டும்.

புதுக்கடை_சட்டத்தரணி எழுதியது:

மிக்க நன்றி டொக்டர்மார், ஐயா. இன்னும் ஒன்று. இரசாயனச் சோதனைக்கு அனுப்பினால் "சேங்கொட்டை" என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அறிக்கையில் அந்தச் சோதனை இல்லையென்றால் அது குறையா?

சட்டமருத்துவம்_கொழும்பு எழுதியது:

மாதிரி எப்போது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கொப்புள நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லிப் பழைய நூல்களில் இருக்கும். ஆனால் ஒவ்வாமையால் வந்த கொப்புளத்தின் நீர் உடம்பு சுரந்தது, அதில் எண்ணெய் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணெய் தோலோடு சீக்கிரம் ஒட்டிப் பிணைந்துவிடும், குளித்தால் மிச்சமும் போய்விடும். எனவே நீரைவிடத் தோல் மேற்பரப்பு, அதைவிட நகம், அதைவிட உடுப்பு என்று நம்பிக்கை கூடிக்கொண்டு போகும். துணியில் பட்ட எண்ணெய்ப் பிசின் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் பரிசோதனைக்கு வருபவர் சம்பவத்தன்று போட்டிருந்த உடுப்பைத் துவைக்காமல் கொண்டுவந்தாரா என்பது பெரிய விசயம்.

எடுக்கும் முறை இது. இடத்தைக் கழுவும் முன்பே முதலில் படம் எடுக்க வேண்டும். கமரா தோலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், அளவுகோல் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இரண்டு ஒத்தல். எதிர்ப்பக்கத்து நல்ல தோலில், அதே ஸ்பிரிட்டால், ஒப்பீட்டுக்கு ஒன்று. அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் மற்ற இரண்டின் முடிவையும் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடலாம். ஒத்தல்கள் மூடி இறுகிய கண்ணாடிக் குப்பியில். இரண்டு கை நகத் துண்டுகளும் தனித்தனிக் காகித உறையில். உடுப்பு ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்திக் காகிதப் பையில், பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். முத்திரை, திகதி, நேரம், யார் யாரிடம் கொடுத்தார் என்ற தொடர், இவை எல்லாம் இருந்தால்தான் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்புவதில் பயன்.

ஆய்வுகூடத்தில் கொடிவேலியைப் பிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பிளம்பாஜின் மஞ்சள் நிறப் பொருள், காரம் சேர்த்தால் செவ்வூதாவாக மாறும். சேங்கொட்டைச் சத்து காரத்தோடு கறுக்கும், ஆனால் வேறு பல பீனோல் பொருள்களும் கறுக்கும், எனவே நிறம் மட்டும் போதாது, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் நிறப்பிரிகைக் கருவி வேண்டும். சோதனை "இல்லை" என்று வந்தால் சாறு படவில்லை என்று ஆகாது, பிந்தி எடுத்த மாதிரியாகவும் இருக்கலாம். ஆகவே சோதனை இல்லாததே ஒரு குறை அல்ல. தோலின் விவரம் இல்லாததுதான் குறை. விளிம்பு, கொப்புளம், அழுத்தினால் வெளிறியதா, ஆழத்தில் வீக்கமும் நோவும் உண்டா, விரல்நுனி பார்த்தாரா, என்ன பூசியதாகச் சொன்னார், மறுபரிசோதனை நடந்ததா. இந்த ஏழும் அறிக்கையில் இல்லாவிட்டால் கேளுங்கள்.

இன்னொன்று. பொலிஸ் தரும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்தில் காயம் பாரதூரமானதா இல்லையா என்று குறிக்க வேண்டும். தண்டனைச் சட்டக்கோவை 311-ஆம் பிரிவின்படி பார்த்தால் சாதாரணக் கண்டலும் சாற்றுக் கொப்புளமும் பெரும்பாலும் பாரதூரமற்றவை. "போலி" என்ற சொல் அந்தப் படிவத்தில் வரவே தேவையில்லை. "எரிச்சலூட்டியால் வந்த தொடு தோலழற்சியோடு பொருந்துகிறது, இதனடியில் மொட்டை ஆயுதக் காயத்தின் அடையாளம் உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதினால் போதும். யார் பூசினார், ஏன் பூசினார் என்பது தோலில் எழுதியிருக்காது. அதைச் சாட்சியங்களை வைத்து நீதவான் பார்ப்பார்.

தோல்_வைத்தியர் எழுதியது:

சிகிச்சையையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அறிக்கை எழுதும் பரபரப்பில் ஆள் புண்ணோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஒத்தல் எடுத்து முடிந்தவுடன் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், நகத்துக்குக் கீழேயும். தேய்க்க வேண்டாம், வெந்நீர் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், அரிப்புக்கு மாத்திரை, ஸ்டீரொயிட் களிம்பு, பரவலாக இருந்தால் வைத்தியர் சொல்படி ஸ்டீரொயிட் மாத்திரை. முகம், கண், பிறப்புறுப்பு என்றால் அன்றே விடுதியில் சேர்க்க வேண்டும். அந்த உடுப்பை வீட்டில் வேறு யாராவது கையால் துவைத்தால் அவருக்கும் வரும், அதையும் சொல்லி அனுப்புங்கள்.

மருந்துச்சரக்கு எழுதியது:

உடுப்பைச் சான்றுக்கு எடுக்கிற பொலிஸ்காரருக்கும் கையுறை குடுங்கோ. எண்ணெய் காய்ஞ்ச கறை மாதிரித்தான் இருக்கும், ஆனால் வியர்த்த கையால் தொட்டால் திரும்பவும் பிடிக்கும்.